அது புயல் இல்லைங்க, ஆடிக் காத்து!

முந்தாநாள் எல்லா குரூப்பிலும் சுற்றிய அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். உடுமலை ரோட்டில் ஒரு பிளெக்ஸ் கிழிந்து பறக்கிறது. மேலே சிவப்பு எழுத்தில் 'கொங்கு மண்டலத்தைத் தாக்கிய புயல்'. சென்னையிலிருந்து சித்தி பையன் பதறிப்போய், "அண்ணா, பத்திரமா இருக்கீங்களா?" என்கிறான். நான் கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தேன்.

ஆடியில் காத்து அடிக்காமல் வேறு எப்போதுங்க அடிக்கும்? அது தென்மேற்குப் பருவக்காற்று. வெயிலில் நிலம் காய, கடல் பக்கமிருந்து மாதக்கணக்கில் ஒரே திசையில் வீசுகிறது. மழையைக் கேரளாவிலும் வால்பாறையிலும் கொட்டிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக நம்மிடம் பெரும்பாலும் வெறுங்கையோடு வந்து சேரும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை நட்டது இதை நம்பித்தான். புயலை நம்பி யாராவது காற்றாலை நடுவார்களா?

புயல் சூடான கடல்மேல் பிறந்து, சுழன்று, மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் அதற்குப் பேரே வைப்பார்கள். ஆயுசு சில நாள்தான். கரையேறினால் தெம்பு போய்விடும். ஆனால் அதற்குள் என்ன செய்யும் என்று 2018 கஜாவில் தோப்பையே பறிகொடுத்த பட்டுக்கோட்டைக்காரரைக் கேளுங்கள். அவர் முன்னால் நின்று இந்த பிளெக்ஸ் கிழிந்ததைப் புயல் என்று சொல்லிப் பாருங்கள்.

'ஐப்பசி, கார்த்திகையில் பருவமழையோடு புயலும் சேர்ந்துதானே வருது?' என்பீர்கள். சரி, நியாயம். வடகிழக்குப் பருவத்தில் வங்கக் கடலில் புயல் வரும், அதில் நமக்கும் மழை கிடைக்கும். அதற்காக இரண்டும் ஒன்றா? பஸ் ஏறிச் சந்தைக்குப் போனால் பஸ்தான் சந்தையா?

'நீ என்ன வானிலை விஞ்ஞானியா?' இல்லைங்க. வாழை போட்டவன்.

'எப்படிச் சொன்னா என்ன, காத்துதானே?' இதுதான் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. சில வருஷம் முன்னால் இதே ஆடியில், குலை தள்ளிய நேந்திரன் நானூறு மரம் ஒரே ராத்திரியில் சாய்ந்தது. முட்டுக் கொடுத்த கம்போடு. காலையில் அப்பா ஒவ்வொரு குலையாகத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். ஒன்றும் முற்றவில்லை. நிவாரணம் கேட்டு ஓர் ஆபீஸுக்கு மூன்று தடவை நடந்தார். "புயல் அறிவிப்பு எதுவும் இல்லைங்களே, சாதாரணக் காத்துதானே" என்று அனுப்பிவிட்டார்கள். நானூறு வாழை போனபோது சாதாரணக் காத்து. லைக்கு வேண்டுமென்றால் ஒரு பிளெக்ஸுக்கே புயல். நல்லா இருக்குதுங்க உங்கள் கணக்கு.

நேற்று அந்த வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு முழுசும் பார்த்தார்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டினா அந்தப் பணம் வருமாடா?"