எதில் ஆடுவது என்று ஆராய்வதற்கா நான் விளையாட்டு வாங்குகிறேன்?

என் மேசையில் நானே பாகம் பாகமாகப் பொறுக்கியெடுத்துப் பூட்டிய கணினி ஒன்று இருக்கிறது. கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே, அதோடு இணைத்து விளையாடுவதற்கென்றே செய்த கன்சோல் என்ற பெட்டியும் இருக்கிறது. இரண்டும் வைத்திருப்பவனுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். குறையே அதுதான். ஒன்று மட்டும் வைத்திருப்பவர் விளையாட்டு வெளிவந்த அன்றே வாங்கி ஆட உட்கார்ந்துவிடுகிறார். நானோ, நான் ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்த விளையாட்டு வெளிவந்து, பலர் அதன் முதல் பெரிய எதிரியையும் வீழ்த்திவிட்ட பிறகும், மூன்று இரவுகளாக இதைக் கணினிக்கு வாங்குவதா கன்சோலுக்கு வாங்குவதா என்ற ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். வேலை முடிந்து களைத்து வருகிறவனுக்கு ஒரு நாளில் கிடைப்பதே இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் ஒப்பீட்டுக் காணொளிகளைப் பார்ப்பதிலேயே போய்விடுகிறது.

ஏதாவது ஒன்றில் வாங்கித் தொலைய வேண்டியதுதானே என்று சொல்வது எளிது. ஒன்றில் வாங்கினால் அது அங்கேயே கட்டிப்போடப்பட்டுவிடும் என்பதுதான் சிக்கல். கன்சோலுக்கு வாங்கிய பிரதி கணினியில் திறக்காது; கணினியில் வாங்கியது கன்சோலில் தெரியக்கூடத் தெரியாது. ஒருமுறை வாங்கினால் இரண்டிலும் ஆடலாம் என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் 2016 முதல் சில விளையாட்டுகளுக்குத் தருகிறது. ஆனால் நான் விரும்பும் விளையாட்டு அந்தப் பட்டியலில் இருந்ததாக என் அனுபவத்தில் நினைவில்லை. ஆகவே முடிவு தவறாகிவிட்டால், அதே கதையை, அதே பாத்திரங்களை, அதே ஓவியங்களை மறுபடியும் முழு விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

சரி, என் கணினியில் இது ஒழுங்காக ஓடுமா என்று தெரிந்துகொள்ளலாமென்று தேவைப் பட்டியலைப் பார்க்கப் போனால், அங்கே ஜோசியம் எழுதி வைத்திருக்கிறார்கள். 'குறைந்தபட்சம்' என்று ஒரு கட்டம், 'பரிந்துரைக்கப்படுவது' என்று இன்னொரு கட்டம். குறைந்தபட்சம் என்றால் எதற்குக் குறைந்தபட்சம்? எந்தத் தெளிவுத்திறனில், வினாடிக்கு எத்தனை ஃபிரேம்களில், அதாவது எத்தனை படங்களில், எந்த அளவு கிராபிக்ஸ் அமைப்பில் என்று பல விளையாட்டுகளில் ஒரு சொல்கூட இருக்காது. கொஞ்சம் நேர்மையாக இவற்றைச் சொல்பவர்களும், ஓரத்தில் சிறிய எழுத்தில், டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் என்ற படம் பெரிதாக்கும் நுட்பம் இயக்கப்பட்ட நிலையில் என்று சேர்த்துவிடுகிறார்கள். அதாவது சிறிய படத்தை வரைந்து அதைப் பெரிதாக்கிக் காட்டித்தான் அந்த வேகம் வருகிறது. போதாக்குறைக்கு இப்போது இடையில் செயற்கையாக ஃபிரேம்களைச் செருகும் வித்தையையும் கணக்கில் சேர்த்து அறுபது என்கிறார்கள். செருகிய ஃபிரேம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியுமே ஒழிய, நான் பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் வாள் வீசப்படுவதற்கும் இடையிலான தாமதத்தைக் குறைக்காது. இதை அறியாமல் வாங்குகிறவன் தன் கைதான் மந்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

இவ்வளவையும் தாண்டி, என் கணினிக்கு வலிமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நிம்மதி இல்லை, ஏனென்றால் அடுத்து ஷேடர் என்ற பூதம் காத்திருக்கிறது. ஒளி எப்படி விழ வேண்டும், உலோகம் எப்படி மின்ன வேண்டும், தண்ணீர் எப்படிச் சலசலக்க வேண்டும் என்று திரைக்கான படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டளையிடும் சிறு நிரல்கள்தான் ஷேடர்கள். கன்சோலில் உள்ளிருக்கும் சிப் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், அந்த நிரல்களை நிறுவனமே முன்கூட்டியே அந்தச் சிப்புக்குரிய மொழியில் தயாரித்துப் பொட்டலத்தோடு அனுப்பிவிட முடிகிறது. கணினியிலோ ஆளுக்கொரு கிராபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் ஆளுக்கொன்று. ஆகையால் அந்தத் தயாரிப்பு ஒவ்வொருவர் வீட்டிலும் நடந்தாக வேண்டும். விளையாட்டு தொடங்கும் முன்பே அதைச் செய்தால் நீண்ட காத்திருப்பு. ஆடும்போதே செய்தால் புதிய இடத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும், புதிய மந்திரம் வெடிக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு கணம் திரை திக்கி நிற்கும். கணினி எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் இந்தத் திக்கல் முழுதாகப் போவதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். விளையாட்டுகள் கிராபிக்ஸ் கார்டோடு பேசுவதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் இடைமுகமான டைரக்ட்எக்ஸ் 12 வெளிவந்தது 2015இல். அதன் பிறகு இந்தத் தயாரிப்பை எப்போது, எப்படிச் செய்வது என்ற பொறுப்பில் பெரும்பங்கு விளையாட்டை உருவாக்குபவர்கள் கைக்குப் போனது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும் சிலர் அதை இன்றுதான் கேள்விப்பட்டவர்கள்போல் விழிக்கிறார்கள். அதையும் பொறுத்து ஒருமுறை தயாரித்து முடித்து அப்பாடா என்று அமர்ந்தால், கிராபிக்ஸ் டிரைவருக்கு ஒரு புதுப்பிப்பு வரும். பழைய தயாரிப்பெல்லாம் செல்லாக்காசாகி முதலிலிருந்து தொடங்கும்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கிய விளையாட்டு பிடிக்கவில்லை என்றால், வாங்கிய 14 நாட்களுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். நல்ல விதிதான். ஆனால் ஷேடர் தயாரிப்பு விளையாட்டுக்குள்ளேயே நடக்கும்போது, பட்டை மெல்ல நகர்வதை நான் கொட்டாவி விட்டுப் பார்க்கும் நேரமும் ஆடிய நேரமாகவே எண்ணப்படுகிறது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' 2023 மார்ச்சில் கணினிக்கு வந்தபோது, சிலருக்கு அந்தத் தயாரிப்பே ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. மிச்சமிருந்த நேரத்தில் அவர்கள் விளையாட்டைச் சோதிப்பார்களா, கடிகாரத்தைப் பார்ப்பார்களா? சோனியின் கன்சோலான பிளேஸ்டேஷனுக்குரிய இணையக் கடையின் விதி இதைவிடக் கறாரானது: வாங்கிய பிரதியைப் பதிவிறக்கத் தொடங்கிவிட்டாலே, அதில் பழுது இருந்தாலொழிய, பணம் திரும்பாது. திறந்து பார்க்காமல் எப்படி ஐயா பிடிக்கவில்லை என்று தெரியும்?

விமர்சனங்களைப் படித்து முடிவெடு என்பார்கள். அந்த அறிவுரையை நம்பியவர்கள் 2020 டிசம்பரில் என்ன ஆனார்கள் என்பது மறக்கக்கூடியதா? 'சைபர்பங்க் 2077' வெளிவருவதற்கு முன்பு விமர்சகர்களுக்குத் தரப்பட்டது கணினிப் பிரதி மட்டும்தான். அவர்கள் கணினியில் கண்டதை எழுதினார்கள். அதைப் படித்துவிட்டுப் பிளேஸ்டேஷன் 4இல் வாங்கியவர்கள் கண்டது வேறு. மங்கிய முகங்களும், நின்று நின்று ஓடும் காட்சிகளும், பாதியில் மூடிக்கொள்ளும் விளையாட்டுமாக இருந்த அந்தப் பிரதியை, வெளிவந்த ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனியே தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்பவும் வைத்தது. அப்படியானால் கன்சோல்காரர்கள்தான் எப்போதும் ஏமாறுகிறார்களா என்றால், அதுவும் இல்லை. 2015 ஜூனில் வந்த 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' கன்சோல்களில் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, கணினிப் பிரதியின் விற்பனையை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஆக, கணினிதான் எப்போதும் சிறந்தது, கன்சோல்தான் எப்போதும் பாதுகாப்பு என்ற இரண்டு மந்திரங்களும் பொய். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகத் துப்பறிய வேண்டியிருக்கிறது.

கன்சோல் என்றால் மூளைக்கு வேலை இல்லை, போட்டால் ஓடும் என்று இன்னமும் சொல்லித் திரிகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போட்டவுடன் இப்போது என்ன கேட்கிறது தெரியுமா? தரம் வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று கேட்கிறது. தரம் என்றால் வினாடிக்கு 30 ஃபிரேம்கள், அதாவது ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லிவினாடி; வேகம் என்றால் 60 ஃபிரேம்கள், 16.7 மில்லிவினாடி, கூடவே கண்ணாடி துடைக்காமல் பார்த்ததுபோன்ற படம். சிலவற்றில், வினாடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சி வைத்திருப்பவர்களுக்கென்று 40 ஃபிரேம்கள் கொண்ட மூன்றாவது முறையும் உண்டு. கணினியின் அமைப்புப் பக்கத்திலிருந்து தப்பித்து ஓடிவந்தவனிடம் அதே பக்கத்தைச் சுருக்கி நீட்டுகிறார்கள். 2022இல் வந்த 'எல்டன் ரிங்' இந்தக் கூத்தின் உச்சம். கணினியில் அது 60 ஃபிரேம்களைத் தாண்டாதபடி பூட்டப்பட்டிருந்தது, திக்கலும் இருந்தது. பிளேஸ்டேஷன் 5க்கென்றே செய்த பிரதியால் 60ஐத் தொடர்ந்து தக்கவைக்க முடியவில்லை. ஆனால் அதே பிளேஸ்டேஷன் 5இல் பழைய பிளேஸ்டேஷன் 4 பிரதியை இறக்கி ஓட்டினால் அது சீராக ஓடியது! புதிய கருவியில் பழைய பிரதிதான் சரி என்பதை எந்தப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தார்கள்? இதற்கிடையே, கையில் பிடித்து ஆடும் சிறு கணினியான ஸ்டீம் டெக்குக்கு, அதைத் தயாரித்த வால்வ் நிறுவனம் தன் பக்கத்திலிருந்து திருத்தம் செய்து திக்கலைக் குறைத்துக் காட்டியது. எத்தனையோ பெரிய கணினிகள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

இணையத்தில் கூடி ஆட வேண்டுமென்றால் கன்சோலில், இலவச விளையாட்டுகள் நீங்கலாகப் பெரும்பாலானவற்றுக்கு, தனியாகச் சந்தா கட்ட வேண்டும். கணினியில் அந்தத் தொல்லை இல்லை. பிளேஸ்டேஷன் 5இன் முதல் வடிவத்தில் 825 ஜிபி சேமிப்பகம் என்று எழுதியிருந்தாலும் நம் கைக்கு வருவது ஏறக்குறைய 667 ஜிபிதான், ஒவ்வொரு பெரிய விளையாட்டும் 100 ஜிபியை விழுங்குகிற காலத்தில். இவற்றைச் சொல்லி அழப்போவதில்லை. இவையாவது வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளக்கூடியவை.

எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது என் அக்கா மகன். அவனிடம் கன்சோல் மட்டும்தான் இருக்கிறது. "மாமா, நீங்கள் கணினியில் வாங்கினால் நாம் சேர்ந்து ஆட முடியுமா, முடியாதா?" என்று நேற்று கேட்டான். எளிய கேள்வி. விளையாட்டின் விற்பனைப் பக்கத்தில், தயாரிப்பாளரின் அறிவிப்பில், கேள்வி-பதில் பகுதியில் என்று ஒரு மணி நேரம் தேடினேன். 'பல தளங்களிலும் நண்பர்களுடன் மகிழுங்கள்' என்று ஒரு வரி கிடைத்தது. பல தளங்களுக்கும் இடையில் என்று அது சொல்லவில்லை. பல தளங்களிலும் என்றுதான் சொல்கிறது. ஓர் உருபை வைத்துக்கொண்டு இலக்கண ஆசிரியனைப்போல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டார்கள். சேமித்த ஆட்டத்தைக் கன்சோலிலிருந்து கணினிக்கு எடுத்துச்செல்லலாமா என்ற அடுத்த கேள்விக்கு அந்த ஒரு வரிகூட இல்லை.

இது திறமைக்குறைவால் மட்டும் நேர்வது என்று நான் நம்பத் தயாராக இல்லை. 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' கன்சோல்களுக்கு 2013 செப்டம்பரிலும் கணினிக்கு 2015 ஏப்ரலிலும் வந்தது. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கன்சோல்களுக்கு 2018 அக்டோபரிலும் கணினிக்கு 2019 நவம்பரிலும் வந்தது. பொறுமை இல்லாதவன் முதலில் ஒன்றை வாங்குவான், அழகாகப் பார்க்க ஆசைப்பட்டு அடுத்ததையும் வாங்குவான் என்ற கணக்கு அங்கே யாருடைய மனத்திலும் எழவில்லை என்றா நினைக்கிறீர்கள்? வாங்குகிறவனுக்கு முன்கூட்டியே உண்மையைக் காட்ட வழி இல்லாமலும் இல்லை. 2024 ஆகஸ்டில் 'பிளாக் மித்: வூகாங்' வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பே, நம் கணினியில் அது எப்படி ஓடும் என்று பார்த்துக்கொள்ள ஒரு சோதனை நிரலை இலவசமாகத் தந்தார்கள். ஒருவரால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது? என்னென்ன கருவியில் என்னென்ன வேகம், எதில் யாரோடு சேர்ந்து ஆடலாம், சேமித்தது எங்கே போகும் என்று அரைப் பக்கத்தில் எழுத ஆள் இல்லையா? விளம்பரக் காணொளிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், 'காட்சிகள் கணினியில் பதிவுசெய்யப்பட்டவை' என்று போட மட்டும் ஆள் இருக்கிறார்.

நேற்றிரவு ஒரு வழியாகக் கன்சோல்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வாங்கும் பக்கம் வரை போய்விட்டேன். அங்கே ஓர் அறிவிப்பு: வேகக் குறைபாடுகளைச் சரிசெய்யும் பெரிய பேட்ச், அதாவது திருத்தப் புதுப்பிப்பு, அடுத்த வாரம் வருகிறதாம். எந்தக் கருவிக்கு என்று அதில் எழுதவில்லை.