பத்து நல்ல படங்களைப் பார்த்துப் போட்டோகிராபரை முடிவு செய்யாதீர்கள்

திருமணத்துக்கு நல்ல போட்டோகிராபர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பவர்கள், கூடவே நாலைந்து இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் அனுப்பி “இதுல யாரு பெஸ்ட்?” என்கிறார்கள். எல்லாருமே பெஸ்டாகத்தான் தெரிவார்கள். அந்தப் பக்கங்கள் இருப்பதே அதற்காக. ஒரு சீசன் முழுக்க எடுத்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து பொறுக்கியெடுத்த சிலதுதான் அங்கே இருக்கும். சாயங்கால வெயில், பார்க்க லட்சணமான ஜோடி, பின்னால் மலையோ கடலோ, அவசரப்படுத்த யாரும் இல்லாத ஒரு மணி நேரம். இத்தனையும் அமைந்தால் கேமராவை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்த யாருக்கும் நாலு நல்ல படம் விழும். நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான். என் பக்கமும் இதே லட்சணம்தான்.

ஆனால் திருமணம் என்பது அந்த ஒரு மணி நேரம் இல்லையே. நெருக்கியடிக்கும் கூட்டம், மங்கலான மண்டபம், தாமதமாகத் தொடங்கி அவசரமாக முடியும் சடங்கு, மேடையில் ஏறி இறங்கும் உறவினர் கூட்டம், நடுவில் யாரோ அணைத்துவிடும் விளக்கு. அங்கே அவர் என்ன எடுப்பார் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: அவர் எடுத்த ஒரு திருமணத்தை, அந்தக் குடும்பத்திடம் கொடுத்தபடியே, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை காட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் மோசமான மண்டபத்தில் நடந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

சிலர் தயங்குவார்கள். அடுத்தவர் வீட்டுப் படங்களைக் காட்டக் கூடாது என்பது நியாயமான காரணமே. ஆனால் தொழிலாகச் செய்பவர்கள் ஒன்றிரண்டு குடும்பங்களிடமாவது முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்திருப்பார்கள். அதுகூட இல்லை, பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள் என்று சொல்பவரிடம் நான் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன்.

முழு ஆல்பம் கைக்கு வந்தால் ஜோடியின் குளோசப்பை விட்டுவிடுங்கள். அது எப்படியும் நன்றாகத்தான் இருக்கும். குரூப் போட்டோவில் கடைசி வரிசை முகங்கள் துல்லியமாக இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே ஆளின் முகம் ஒரு அறையில் மஞ்சளாகவும் அடுத்த அறையில் நீலமாகவும் மாறுகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் எத்தனை படங்களில் இருக்கிறார்கள்? முக்கியமான சடங்கு நடக்கும்போது ஒரே கோணத்தில் இருபது படம் எடுத்துவிட்டு நின்றுவிட்டாரா, அந்த நிமிடத்தில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தையும் பிடித்தாரா? அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படம் கெடுவதில் பாதி அங்கேதான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின். பழைய மஞ்சள் பல்பு 2700-லிருந்து 3000-க்குள். ஜன்னல் பக்கம் ஒரு கன்னமும் பல்பு பக்கம் மறு கன்னமுமாக ஒருவர் நின்றால் கேமராவால் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய முடியாது. ஒரு கன்னத்தைச் சரிசெய்தால் மற்றது கெடும். இது போதாது என்று இப்போது மேடை அலங்காரத்தில் ஊதா, சிவப்பு, நீல எல்இடி விளக்குகளை நேராக முகத்தில் அடிக்கிறார்கள். கண்ணுக்கு அது கொண்டாட்டமாகத் தெரியும். கேமராவில் அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிந்து, முகத்தின் நெளிவு சுளிவு எல்லாம் காணாமல் போய்விடும். காணாமல் போனதை எந்த எடிட்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. “போட்டோஷாப்புல சரி பண்ணிடலாம்ல?” என்பார்கள். இருப்பதைத்தான் சரி பண்ணலாம்.

அப்புறம் மினுக்கல். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள ஊர்களில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. நம் கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டரை, அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் கதவை, வேகமாக வைத்தால் படத்தின் குறுக்கே கோடு கோடாக இருட்டுப் பட்டைகள் விழும். 50 ஹெர்ட்ஸ் ஊரில் சாதாரண விளக்குக்கு 1/100 அல்லது 1/50 நொடி என்று வைத்துத் தப்பிக்கலாம். மேடைக்குப் பின்னால் நிற்கும் பெரிய எல்இடி திரை வேறு கணக்கில் மினுக்கும், அங்கே இந்த உபாயம் செல்லாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலும் இன்னும் மோசம். லேசர் விளக்கு வேறு. அதன் கதிர் நேராகக் கேமராவுக்குள் பாய்ந்தால் படத்தைப் பதியும் சென்சாரில் நிரந்தரமான தழும்பே விழுந்துவிடலாம்.

ஆகவே, பணம் செலவில்லாமல் படங்களை மேம்படுத்த ஒரு வழி சொல்கிறேன். அலங்காரம் செய்பவரைக் கூப்பிட்டு, வண்ண விளக்குகளைப் பின்திரையில் மட்டும் அடியுங்கள், முகத்தில் விழுவது வெள்ளை வெளிச்சமாக இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு போன் கால் செய்யும் வேலையை எந்த விலையுயர்ந்த லென்ஸும் செய்யாது. நல்ல போட்டோகிராபர் என்றால் மண்டபம் எது, எந்தப் பக்கம் ஜன்னல், சடங்கு எத்தனை மணிக்கு என்று அவரே உங்களிடம் கேட்பார். ஒன்றுமே கேட்காமல் தேதியை மட்டும் குறித்துக்கொள்பவரிடம் கவனம்.

அடுத்தது, வரப்போவது யார்? இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருப்பது ஒருவர் பெயர், கேமராவோடு வந்து நிற்பது இன்னொருவர். ஒரே நாளில் பல திருமணங்கள் வரும் சீசனில் இது சர்வசாதாரணம். தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஸ்டுடியோ என்னை இப்படி ஒரு திருமணத்துக்கு அனுப்பியது. பொண்ணோட அம்மா என்னிடம் ரொம்ப மரியாதையாக, “தம்பி, சார் எப்ப வருவாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சார் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை. ஆள் வைத்து எடுப்பதில் தவறே கிடையாது, எல்லா நாளும் ஒரே ஆள் எடுக்க முடியாது. மறைப்பதுதான் தவறு. வருபவரின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நீங்கள் பார்க்கும் முழு ஆல்பமும் அந்த நபர் எடுத்ததாக இருக்கட்டும்.

கேமரா எது என்று கேட்கிறார்கள். அதைவிட உபயோகமான கேள்வி, கார்டு எத்தனை என்பது. 2008-ல் வந்த கேனான் 5டி மார்க் 2 திருமணத் தொழிலையே புரட்டிப் போட்ட கேமரா. ஆனால் அதில் மெமரி கார்டு போட ஒரே ஒரு இடம்தான். அந்தக் கார்டு பழுதானால் அன்றைய நாள் போச்சு. 2012-ல் வந்த மார்க் 3-ல் இரண்டு இடம் வைத்தார்கள். இன்று அதைவிட விலை குறைந்த பல கேமராக்களிலும் இரண்டு இடம் இருக்கிறது. இருந்தும், இரண்டாவது கார்டை முதலாவது நிரம்பியபின் பயன்படும்படி அமைத்திருப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகிறதா என்று கேளுங்கள். அன்று இரவே நகல் எடுப்பீர்களா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவர் பெரும்பாலும் நகல் எடுக்காதவர்தான்.

அந்த மார்க் 2 இன்னொன்றையும் செய்தது. போட்டோ கேமராவிலேயே முழு எச்டி வீடியோ எடுக்கலாம் என்று ஆனதும் திருமண வீடியோ சினிமா மாதிரி ஆகிவிட்டது. நல்லதுதான். ஆனால் கூடவே ஆள் கூட்டமும் வந்துவிட்டது. போஸ் கொடுக்காதபோது இயல்பாக எடுக்கும் கேண்டிடுக்கு இருவர், வழக்கமான போட்டோவுக்கு ஒருவர், வீடியோவுக்கு இருவர், ட்ரோனுக்கு ஒருவர், லைட் பிடிக்க ஒருவர். மேடையில் ஜோடிக்கும் வந்தவர்களுக்கும் நடுவில் கறுப்புச் சட்டைகளின் முதுகுச் சுவர். வந்தவர்கள் திருமணத்தைப் பார்க்க எதிரே இருக்கும் திரையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. தொழிலில் இருப்பவனாக இருந்தும் சொல்கிறேன், ஆட்களைக் குறையுங்கள். நல்ல இரண்டு பேர், சுமாரான ஆறு பேரைவிட மேல்.

பிலிம் காலத்தில் ஒரு ரோலில் 36 படம். பெரிய பிலிமில் சதுரப் படமாக எடுத்தால் வெறும் 12. எண்ணி எண்ணித்தான் அழுத்துவார்கள். அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய ஆல்பங்களைப் புரட்டுங்கள், முக்கால்வாசி படங்களில் எல்லாரும் விறைத்துப்போய் நிற்பார்கள். இன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம். அப்படி எடுப்பதால் வேலை கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு இடம் மாறியிருக்கிறது. கழிப்பதைக் கழித்து, நிறம் சரிசெய்து, சில நூறு படங்களாக இறக்குவதற்குப் பல நாட்கள் பிடிக்கும். கண் மூடிய படங்களைத் தானாகக் கழித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்துவிட்டன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கொஞ்சம் கலங்கிய அந்த ஒரு படம்தான் தாத்தா சிரித்த ஒரே படம் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அதைக் குப்பையில்தான் போடும். கடைசியில் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் தருகிறீர்கள். எத்தனை நாளில் தருவார் என்பதை மட்டும் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “சீக்கிரம் தர்றேன்” என்பது தேதி இல்லை.

“எடுத்த எல்லா ரா ஃபைலையும் கொடுங்கள்” என்று சண்டை பிடிப்பவர்களுக்கு: அது நேரடியாகப் பார்க்கிற படம் இல்லை. சென்சார் பதிந்த மூலத் தகவல், அதற்கான மென்பொருளில் போட்டு உருவாக்க வேண்டும். சும்மா திறந்து பார்த்தால் சப்பென்று இருக்கும். அதைப் போட்டோகிராபரின் பெயரோடு நாலு பேருக்கு அனுப்பினால் அவர் ஏன் பதறுகிறார் என்பது புரியும். அதே சமயம் சக தொழில்காரர்களிடம் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. வேண்டும் என்பவர் முன்பே கேட்டு, அதற்குத் தனியாகப் பணமும் தரத் தயார் என்றால் கொடுத்துவிடலாம். அதில் ராணுவ ரகசியம் ஒன்றும் இல்லை.

படம் யாருக்குச் சொந்தம் என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், காரணம் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பிரிட்டனின் 1988 சட்டத்தில் உரிமை பொதுவாக எடுத்தவருக்கு. ஆனால் வீட்டு விசேஷத்துக்காக எடுக்கச் சொன்ன படம் என்றால் அதை வெளியிட வேண்டாம் என்று தடுக்கும் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு உண்டு. அமெரிக்காவிலும் தனியாகத் தொழில் செய்யும் போட்டோகிராபர் என்றால் பொதுவாக உரிமை அவருக்குத்தான். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு நாட்டு ஒப்பந்தத்தை அப்படியே பெயர் மாற்றிக் கையெழுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதைச் சொல்கிறேன். உங்கள் படத்தை அவர் தன் பக்கத்தில் போடலாமா, குழந்தைகள் இருக்கும் படங்களைப் போடலாமா என்று இரண்டு வரி எழுதிவிட்டால் பிறகு மனஸ்தாபம் இல்லை.

குரூப் போட்டோவுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு குழுவைக் கூட்டி, நிறுத்தி, எடுத்து அனுப்ப மூன்று நிமிடம் ஆகும் என்றால் இருபது குழுவுக்கே ஒரு மணி நேரம். எந்தச் சித்தப்பா யார் என்று எங்களுக்குத் தெரியாது. எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த, சத்தமாகப் பேசக்கூடிய உறவினர் ஒருவரை எங்களோடு நிற்க வையுங்கள். பட்டியலைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, “பெரியம்மாவைத் தனியா ஒரு படம்கூட எடுக்கலையே” என்று பிறகு கேட்பது பாவம்.

படங்கள் இப்போது லிங்காகத்தான் வருகின்றன. அந்த லிங்க் சில மாதங்களில் காலாவதியாகிவிடும். போட்டோகிராபர் எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஹார்ட் டிஸ்க் நிரம்பும் நாள் வரைதான். வந்த வாரமே முழு அளவில் இறக்கி, இரண்டு தனித்தனி டிஸ்க்கில் போட்டு, ஒன்றை இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைச் சேமித்துவிட்டு அதுவே போதும் என்று இருக்காதீர்கள், அதில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும். பெரிதாக அச்சடிக்கக் கொண்டுபோனால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.