இருக்கு, ஆனா இல்ல

தங்கச்சி மகன் போன வாரம் போன் பண்ணினான். “மாமா, சோசியாலஜி எடுக்கட்டுமா? சர்வே எல்லாம் இனிமே ஏஐயே பண்ணிடும்கிறாங்களே?”

அவன் பயம் சும்மா இல்லை. ஏஐயையே ஆட்களாகப் பேசவைத்து, கருத்துக்கணிப்புக் கேள்விகளை அதனிடம் கேட்டுப் பார்க்கும் ஆய்வுகள் வந்துவிட்டன. 

படிக்கிற காலத்தில் கைச்செலவுக்காக ஒரு கணக்கெடுப்பு வேலைக்குப் போயிருந்தேன். கையில் டேப்லெட். “சொந்த நிலம் இருக்கா பாட்டி?” என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். “இருக்கு, ஆனா இல்ல.” பட்டா அவர் பேரில். உழுவது, விற்பது, காசு வாங்குவது எல்லாம் மூத்த மகன். வரப்பில் கால் வைத்தே நாலு வருஷம் ஆச்சாம். டேப்லெட்டில் இருந்ததோ ஆம், இல்லை இரண்டுதான். ஒன்றைத் தொடாமல் அடுத்த கேள்வி வராது. ‘ஆம்’ என்று தட்டிவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு இன்னும் பதினாலு வீடு பாக்கி.

நாளைக்கு ஏஐக்குப் போய்ச் சேர்வதும் நான் தட்டிய அந்த ‘ஆம்’தான்.

அதனால் சமூகவியலைக் காப்பாற்றப் புதுக் கோட்பாடு எப்போது வரும் என்று நான் காத்திருப்பதில்லை. பார்த்த ஊரையே திரும்பப் போய்ப் பார்க்க ஆள் இருந்தால் இந்தத் துறை பிழைக்கும். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கேள்வித்தாளோடு கிராமங்களுக்கு அனுப்பினார். அதில் ஒன்று, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. 1916இல் பார்த்த அந்த ஊருக்கு 1930களில் போனார்கள், 1980களின் தொடக்கத்தில் போனார்கள், 2008இல் மறுபடி போனார்கள். நிலக்கிழாரின் பிடி தளர்ந்ததும், அவர் பண்ணையை நம்பியிருந்த தலித் குடும்பங்கள் வெளிவேலை தேடிக்கொண்டதும் அப்படித்தான் பதிவாகின. சாதியா வர்க்கமா என்று கருத்தரங்கில் தொண்டை வறளக் கத்துவதைவிட, ஒரே ஊரைத் தொண்ணூறு வருஷம் விடாமல் பார்த்ததுதான் எனக்குப் பெரிய தியரி. ஆனால் யார் செய்வார்கள்? மூன்று மாதத்தில் ப்ராஜெக்ட் முடித்து பைண்ட் பண்ணிக் கொடுக்கச் சொல்கிறோம்.

மருமகனிடம் எடுடா என்றுதான் சொன்னேன். அவன் இருப்பது நெல்லையில். ஸ்லேட்டரின் மாணவர்கள் போன ஊர்களில் கங்கைகொண்டானும் உண்டு. அன்றைக்கு எடுத்த விவரம் 1918லேயே அச்சாகிவிட்டது. இன்று அங்கே சிப்காட் நிற்கிறது. மதுரை ரோட்டில் பஸ் ஏறினால் போய்விடலாம். நோட்டில் ஆம், இல்லைக்குக் கீழே நாலு வரி காலியாக விட்டுக்கொண்டு போ என்றேன்.