ரிமோட் டெஸ்க்டாப்புக்குச் சொந்த சர்வர் வைக்கலாமா?

ஆடிட்டர் ஆபீஸ் கும்பகோணத்தில், ரைஸ்மில் நீடாமங்கலத்தில், கணக்கு எழுதுகிற பெண் திருவாரூரில். டெல்டாவில் பாதி வியாபாரம் இப்படித்தான் ஓடுகிறது. மில்லில் இருக்கிற டேலியை அவரவர் இடத்திலிருந்தே திறந்தாக வேண்டும், அதுவும் மாதாமாதம் ஜிஎஸ்டி 3பி போடுகிறவர்களுக்கு 20ஆம் தேதி நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். இதற்கு, தூரத்துக் கம்ப்யூட்டரை இங்கிருந்தே இயக்க வைக்கிற ஏதோ ஒரு இலவச ரிமோட் டெஸ்க்டாப் ஆப்பைப் பழகியிருப்பார்கள். ஒருநாள் அது "நீங்கள் வணிகத்துக்குப் பயன்படுத்துவது போலத் தெரிகிறது" என்று சொல்லி இணைப்பை அறுக்க ஆரம்பிக்கும். உடனே எனக்கு போன். "தம்பி, வேற எதாச்சும் ஓசியில இருக்கா?"

ஓசி என்பதற்காக மட்டும் ஓப்பன் சோர்ஸுக்கு, அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிற சாஃப்ட்வேரைச் சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளும் வழிக்கு, வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: காசு கொடுத்து ஒரு லைசென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே, நிம்மதி. சர்வர் வாடகை உண்டு, அப்டேட் பார்க்க ஒரு ஆள் வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு "கனெக்ட் ஆகல" என்றால் எழுந்து உட்கார யாராவது வேண்டும். அந்த ஆள் இருக்கிறாரா, சரி, அப்படியென்றால் தயங்கவே வேண்டாம், சொந்த சர்வர்தான் என் கட்சி.

ஏனென்றால் இப்போது அடுத்தவர் சர்வர் வழியாகத்தான் நம் கணக்கறைக்குள் போய் வருகிறோம். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் என்கிற ரிமோட் டெஸ்க்டாப் நிறுவனம் தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததை ஒப்புக்கொண்டு, தன் வலைத்தளத்துக்கான பாஸ்வேர்டுகளை ரத்து செய்தது. அதே வருடம் ஜூனில் அதே தொழில் செய்கிற டீம்வியூவரின் அலுவலக நெட்வொர்க்கில் ஆள் புகுந்தார்கள். வாடிக்கையாளர் பக்கம் பாதிப்பில்லை என்றது நிறுவனம். நம்மைவிட ஆயிரம் மடங்கு ஆள்பலம் உள்ளவர்கள்தான். ஆனால் அத்தனை பேர் வீட்டுக்கும் வழி அங்கே இருப்பதால்தான் திருடனுக்கு அந்த இடத்தின் மேல் கண். நீடாமங்கலத்து மில்லின் குட்டி சர்வரை யாரும் பேர் சொல்லித் தேடி வரப்போவதில்லை. போகிற போக்கில் கதவைத் தட்டிப் பார்க்கிற ஸ்கேனர்கள் வரும், அதற்குத்தான் அப்டேட்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கூத்து உண்டு. ரவுட்டரில் 3389 போர்ட்டை (டேட்டா போய்வருகிற வாசல் எண்) திறந்து, விண்டோஸிலேயே இருக்கிற ரிமோட் டெஸ்க்டாப் வசதியான ஆர்டிபியை அப்படியே இணையத்தில் விட்டுவிடுவது. 2019இல் அதில் புளூகீப் என்கிற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது பாஸ்வேர்டே இல்லாமல் பழைய விண்டோஸ்களுக்குள் நுழைய முடிந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் பறிக்கிற ரான்சம்வேர் கும்பல்கள் இன்றைக்கும் தேடுகிற வாசல் இது. தயவுசெய்து மூடுங்கள்.

எந்த சாஃப்ட்வேர் என்று யோசிக்கும் முன் சர்வர் எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். கடையிலேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் வைக்கலாமே என்பார்கள். நம் பக்கத்து ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் தனி ஐபி (இணைய முகவரி) கிடையாது, ஒரே ஐபிக்குப் பின்னால் தெருவே உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து உங்கள் பெட்டியைத் தொடவே முடியாது. அப்புறம் கரண்ட். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எத்தனை ஊர் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது என்று மன்னார்குடி, வேதாரண்யம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சர்வர் கடையில் இருந்தால் கடையோடு சேர்ந்து மற்ற கிளைகளும் ஊமையாகும். சென்னையிலோ மும்பையிலோ டேட்டா சென்டர் உள்ள சின்ன வி.பி.எஸ். (இணையத்தில் கிடைக்கிற வாடகை சர்வர்) ஒன்றை எடுங்கள். 1 ஜிபி ரேம் தாராளம்.

அதில் நான் போடுவது ரஸ்ட்டெஸ்க் என்கிற ஓப்பன் சோர்ஸ் ரிமோட் டெஸ்க்டாப் சாஃப்ட்வேர். சர்வர் பக்கம் இரண்டே புரோகிராம். ஒன்று ஐடி சர்வர், அது நெல் தரகர் மாதிரி: வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்துவிட்டு நகர்ந்துகொள்ளும், அதன்பின் இரண்டு கம்ப்யூட்டரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். நேராகப் பேச வழியில்லாதபோது மட்டும் இரண்டாவது புரோகிராமான ரிலே வழியாக டேட்டா போகும். போர்ட் 21115 முதல் 21117 வரை டிசிபி திறக்க வேண்டும், கூடவே 21116இல் யுடிபியும் (இரண்டும் டேட்டா அனுப்புகிற முறைகள்). இந்த யுடிபியைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டு ஐடி பதிவாகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். முதல்முறை சர்வர் ஓடும்போது ஒரு ஜோடி சாவிக் கோப்பை உருவாக்கும். அதில் பொதுச் சாவியை ஒவ்வொரு கம்ப்யூட்டரின் செட்டிங்கிலும் ஒட்ட வேண்டும். இரண்டு கோப்பையும் பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள், சர்வரைப் புதிதாகப் போடும்போது அவை இல்லையென்றால் ஊர் ஊராகப் போய் எல்லாக் கம்ப்யூட்டரிலும் சாவியை மாற்ற வேண்டியிருக்கும்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் எல்லாமே சும்மா என்றும் நினைக்க வேண்டாம். ரஸ்ட்டெஸ்கின் அடிப்படை சர்வர் ஏஜிபிஎல் என்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸில் இலவசம், ஆனால் நிர்வாகப் பக்கம், பொது முகவரிப் புத்தகம் எல்லாம் காசு கொடுக்கிற ப்ரோ பதிப்பில்தான். அது தேவைப்படுகிற அளவுக்குக் கம்ப்யூட்டர் இருந்தால், பள்ளி, காலேஜ் மாதிரி, மெஷ்சென்ட்ரல் என்கிற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேரைப் பாருங்கள்; பிரவுசரிலேயே குரூப் குரூப்பாக எல்லாம் தெரியும். ஒரு ஆபத்து, அதன் ஏஜென்ட் என்கிற துணைப் புரோகிராம் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கும், அட்மின் பாஸ்வேர்டு போனால் அத்தனையும் போச்சு. இரண்டடுக்கு லாகின் போடாமல் அதைத் தொடவே தொடாதீர்கள். பிரவுசர் வழியாகவே ரிமோட் டெஸ்க்டாப் தருகிற அப்பாச்சி குவாகமோலே நல்ல சரக்கு, ஆனால் ஒரே ஆபீஸுக்குள் நிறைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு. ஒற்றை ஆள், ஒற்றைக் கம்ப்யூட்டர் என்றால் அந்த வி.பி.எஸ்.ஸில் வயர்கார்ட் என்கிற விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை) போட்டு அதற்குள் ஆர்டிபி, முடிந்தது. விண்டோஸ் ஹோம் பதிப்பாக இருந்தால் மட்டும் ஆர்டிபி வழியாக உள்ளே வர விடாது.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு மில் ஆபீஸில் பார்த்தேன், கீபோர்டு இடுக்கெல்லாம் தவிடு, மானிட்டர் ஓரத்தில் ஐடியும் அதற்குக் கீழேயே நிரந்தர பாஸ்வேர்டும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. லோடு ஏற்ற வருகிற டிரைவர் வரைக்கும் படிக்கலாம். இதற்கு எந்த சர்வரும் மருந்து இல்லை. பேங்கிலிருந்து பேசுகிறேன், இந்த ஆப்பைப் போடுங்க என்று வருகிற போனுக்கும் இதேதான்; 2019இலேயே ரிசர்வ் வங்கி இதை எச்சரித்தது. ஆகவே மாற்றப் போகிறவர்கள் பழைய ஆப்பை எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் போன்களிலிருந்தும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், பில் போடுகிற பையனிடமும் இனி அதில் யார் ஐடி கேட்டாலும் கொடுக்காதே என்று சொல்லிவிடுங்கள்.