பில் இல்லாத போனை வாங்காதீர்கள்

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை. புதுப் போன் விற்கிற விலைக்கு, காலேஜ் போகிற பையனும் டெலிவரி வேலை பார்க்கிறவரும் வேறு எங்கே போவார்கள்? ஆனால் "பில் தொலைஞ்சு போச்சுண்ணே, பாக்ஸ் ஊர்ல இருக்கு, அவசரமா காசு வேணும்" என்று ஒருவன் 25,000 ரூபாய் போனை 7,000-க்கு நீட்டுகிறான். நாமும் மறுபேச்சில்லாமல் ஜிபே செய்துவிடுகிறோம். என் ஆதங்கம் அதில்தான்.

திருடியவன்தானே குற்றவாளி, நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன் என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 411-வது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்கினால் 3 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கால்வாசி விலை, பில் கிடையாது, விற்றவன் பேர்கூடத் தெரியாது, பஸ் ஸ்டாண்ட் வாசலில் கைமாறியது. இத்தனையையும் வைத்துக்கொண்டு "எனக்குத் தெரியாது சார்" என்றால் எந்த எஸ்.ஐ. நம்புவார்?

முதலில் மாட்டுவதும் வாங்கியவர்தான். திருடியவன் பழைய சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டுப் போயிருப்பான். நாம்தான் நம் ஆதார் கொடுத்து வாங்கிய சிம்மை அதில் போடுகிறோம். தொலைந்த போன்களை பிளாக் செய்யும் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில், அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.-யைத் தொலைத்தவர் பதிந்திருந்தால், எந்த நம்பர் இப்போது அதில் ஓடுகிறது என்ற தகவல் போலீசுக்குப் போய்விடும். வேறு மாவட்டத்து ஸ்டேஷனிலிருந்து போன் வரும். போனை ஒப்படைக்க வேண்டும். அது உரியவருக்குப் போகும். சரி, நம் 7,000 ரூபாய்? விற்றவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். அந்த போனை வைத்து இடையில் யாராவது மோசடி செய்திருந்தால் அந்த விசாரணைக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

சில கடைகளில் "ஐ.எம்.இ.ஐ. மாத்தித் தர்றோம், பிரச்சினையே வராது" என்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 வருடம் வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாற்றப்பட்டது என்று தெரிந்தே அந்த போனை வைத்திருப்பதும் குற்றம்தான்.

வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் போதும். *#06# அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. வரும், இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஆப்பிலும் பார்க்கலாம். பிளாக் செய்யப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் வாங்க வேண்டாம். அப்புறம், பழைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை விற்பவரையே உங்கள் கண்முன் பாஸ்வேர்டு போட்டு நீக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரருக்கு அது ஒரு நிமிட வேலை. திருடிக்கொண்டு வந்தவன்தான் சாக்குச் சொல்வான்.

ஆனால் இந்த எஸ்.எம்.எஸ். சோதனையை மட்டும் நம்பிவிடாதீர்கள். காலையில் மின்சார ரயிலில் பறித்த போன் மாலையில் விற்பனைக்கு வந்தால், பதிவில் எதுவும் இருக்காது. அதனால்தான் பில்லும் விற்பவரின் அடையாள அட்டை நகலும் அவசியம் என்கிறேன்.

போனைத் தொலைத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "போனது போச்சு, ஸ்டேஷனுக்கு யார் அலையுறது" என்று விட்டுவிடாதீர்கள். புகார் கொடுத்து ரசீது வாங்கி, டூப்ளிகேட் சிம் எடுத்த கையோடு சி.இ.ஐ.ஆரில் பிளாக் செய்யுங்கள். நீங்கள் பதிந்தால்தான் அடுத்து அதை வாங்கப் போகிறவருக்கு எச்சரிக்கை போகும்.