முதலிடம் வாங்கிக் கொடுத்தார்கள், யாருமே தேடாத சொல்லுக்கு

இன்று காலையும் ஒரு மெயில். "வணக்கம் சார், உங்கள் வலைத்தளத்தில் 47 பிழைகள் கண்டறியப்பட்டுள்ளன. 30 நாளில் கூகுள் முதல் பக்கம், உத்தரவாதம்." நான் சார் இல்லை, மேடம். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் போட்டோவோடு இருக்கிறேன். அதைக்கூடத் திறந்து பார்க்காத ஆள் 47 பிழையை எங்கே போய் எண்ணினார்?

கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவருகிற எஸ்.இ.ஓ. வேலை செய்யும் இப்படி ஒரு ஏஜென்சியிடம் எட்டு மாதம் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான். ஆன்லைனில் பை விற்கிறேன். லேப்டாப் பை, தோள்பை, பயணப் பை என்று 312 வகை. மாதம் பிறந்தால் பணம் போய்விடும், மாதக் கடைசியில் 38 பக்க ரிப்போர்ட் வந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் பச்சை அம்புக்குறி. "மேடம், 14 கீவேர்டுல நம்ம நம்பர் ஒன்!" என்ன கீவேர்டு, அதாவது என்ன தேடுசொல் என்று பார்த்தால், "இலகுவான நீர்புகா நீலநிற லேப்டாப் தோள்பை ஆன்லைன் சிறந்த கடை". இப்படி யாராவது தேடுவார்களா? பை வேண்டியவர் 'லேப்டாப் பேக்' என்று அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். நம் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலில் அந்த வரிக்கு நேராகப் பார்த்தேன். மூன்று மாதத்தில் 6 தடவை காட்டியிருக்கிறது, க்ளிக் பூஜ்யம். அந்த ஆறும் அவர்களே தேடிப் பார்த்ததாகத்தான் இருக்கும்.

ஒருநாள் ஏஜென்சித் தம்பி ஃபோன் செய்து, "மெட்டா கீவேர்டு டேக்ல போட முப்பது வார்த்தை கொடுங்க மேடம்" என்றார். நானும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பக்கத்தின் நிரலுக்குள் கீவேர்டுகளை எழுதி வைக்கும் அந்த டேகைத் தரவரிசைக்குக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தொழிலே அதுவாக வைத்திருக்கிறவருக்குத் தெரிய வேண்டாமா? அடுத்த மாதம், "டொமைன் அதாரிட்டி 9-ல இருந்து 17-க்கு ஏறிடுச்சு!" என்றார். அது மோஸ் என்கிற நிறுவனம் தன் கணக்குக்குப் போடும் எண். கூகுள் அதைச் சீந்துவதில்லை. அது எழுபதுக்கு ஏறினாலும் என் கிடங்கிலிருந்து ஒரு பை கூடுதலாக நகராது.

பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு. அந்தக் கதை இதைவிட மோசம். நானூறு இணைப்பு வாங்கிக் கொடுத்தோம் என்று எக்ஸெல் ஷீட் அனுப்பினார்கள். பல் வைத்தியம், சூதாட்டம், வீட்டுக் கடன், நாய் வளர்ப்பு என்று எழுதுகிற தளங்களில் நடுவாந்தரமாக என் கடைப் பெயர் தொங்குகிறது. இந்த மாதிரி விலைக்கு வாங்கிய இணைப்புகளை வெட்டத்தான் 2012 ஏப்ரலில் பென்குயின் என்று கூகுளில் ஒரு அப்டேட்டே வந்தது. அதில் அடிபட்ட கடைகள் கொஞ்சநஞ்சமா? இத்தனை வருடம் கழித்தும் அதே சரக்கை எனக்கு விற்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் விற்பனை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. கேட்டால் ஒரே பதில்: "எஸ்.இ.ஓ.ன்னா டைம் எடுக்கும் மேடம்." அது உண்மைதான். பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அதே கூகுள் எழுதி வைத்திருக்கிறது. இவர்கள் முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல், 'சைட்:' என்று போட்டு என் தள முகவரியை ஒட்டி கூகுளில் தேடினேன். அந்தத் தளத்தின் பக்கங்களை மட்டும் காட்டும் தேடல் அது. 312 பைக்கும் பக்கம் இருக்கிற கடை. வந்தது 19 முடிவு. முகப்பு, 'தொடர்புக்கு', திரும்பப் பெறும் விதிகள், மிச்சம் ஏஜென்சி எழுதிய கட்டுரைகள். ஒரு பை கூட இல்லை. இந்தத் தேடல் துல்லியக் கணக்குக் காட்டாது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ஒன்றுகூடவா வராது? ஒரு பையின் பக்கத்தைத் திறந்து, வலது க்ளிக் செய்து, மூல நிரலைப் பார்த்தேன். மேலிருந்து பதினோராவது வரி. ரோபாட்ஸ் என்று ஆரம்பித்து, மேற்கோள் குறிக்குள் நோஇண்டெக்ஸ்.

ஒரே ஒரு சொல். தளத்தைப் புதுப்பித்தபோது, சோதனைப் பிரதி கூகுளில் வந்துவிடக் கூடாது என்று டெவலப்பர் பொருள் பக்கங்களுக்கெல்லாம் பொதுவான டெம்ப்ளேட்டில் போட்டது. சோதனைப் பிரதியை அப்படியே தூக்கி நிஜக் கடையாக வைத்தபோது அதுவும் கூடவே வந்துவிட்டது. எட்டு மாதமாக என் கடையின் ஒவ்வொரு பையும் கூகுளைப் பார்த்து 'என்னைக் காட்டாதே' என்று கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் கதவைத் தாழ்போட்டுவிட்டு வாசலில் விளம்பரப் பலகைக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

என்னைக் கொதிக்க வைத்தது அந்தச் சொல் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் சர்ச் கன்சோலில் 'நோஇண்டெக்ஸ் டேகால் விலக்கப்பட்டவை' என்று தனி வரியே இருக்கிறது, பக்கத்தில் எண்ணிக்கையோடு. ஏஜென்சிக்கு அதில் முழு அனுமதி முதல் நாளே கொடுத்திருந்தேன். எட்டு மாதத்தில் ஒரு தடவை திறந்திருந்தால் போதும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறதுக்கு மாதச் சம்பளம்! கேட்டபோது என்ன சொன்னார்கள் தெரியுமா? "அது டெக்னிக்கல் ஆடிட் மேடம், நம்ம பேக்கேஜ்ல கவர் ஆகாது."

அந்தச் சொல்லை எடுத்த பிறகு கூகுள் ஒவ்வொரு பக்கமாகத் திரும்ப வந்து பார்க்கவே வாரக்கணக்கில் ஆனது. அந்த நேரத்தில் வேறு ஒரு வெட்கக்கேட்டையும் கண்டுபிடித்தேன், இது என் தப்பு. எங்கள் பைகளின் விவரம் அத்தனையும் தயாரிப்பாளர் அனுப்பியதை அப்படியே ஒட்டியது. ஒரு வரியை எடுத்து மேற்கோளுக்குள் போட்டுத் தேடினால் அதையே இன்னும் எத்தனையோ கடைகள் ஒட்டியிருக்கின்றன. அச்சில் வார்த்த மாதிரி ஒரே பக்கம் இத்தனை கடையில் இருந்தால் கூகுள் என் கடையை ஏன் காட்ட வேண்டும்? டேப்பை எடுத்துக்கொண்டு பை பையாக அளக்க ஆரம்பித்தேன். 15.6 இன்ச் லேப்டாப் சார்ஜரோடு உள்ளே போகிறதா, தண்ணீர் பாட்டில் வைத்தால் ஜிப் மூடுகிறதா என்று வைத்துப் பார்த்து எழுதினேன். ஒரு நாளைக்கு நான்கு பைக்கு மேல் முடியவில்லை. எந்த ரிப்போர்ட்டிலும் பச்சை அம்பு தராத வேலை இது. (நிறம் 5, அளவு 4, வரிசைப்படுத்தும் முறை 6 என்று ஒரே பட்டியல் 120 முகவரியாகப் பெருகி நின்றதும் அப்போதுதான் தெரிந்தது. இவற்றில் எது அசல் பக்கம் என்று கூகுளுக்குச் சொல்லும் கெனானிக்கல் டேக் என்பது 2009-லிருந்தே இருக்கிற சமாச்சாரம். அதுவும் பேக்கேஜில் இல்லையாம்.)

சரி, தேடலில் வராதது ஒரு பக்கம். கடைப் பெயரையே அடித்துத் தேடுகிறவருக்கு என்ன வருகிறது? மேலே போட்டியாளரின் விளம்பரம், என் பெயரைக் கீவேர்டாக ஏலம் எடுத்தது. அதற்குக் கீழே நான். எனக்குக் கீழே, நாங்கள் கொடுக்கவே கொடுக்காத தள்ளுபடிக் கூப்பன்களைப் பரப்பும் ஒரு தளம். அதற்கும் கீழே ஒரு புகார்ப் பக்கம், ஒற்றை ஸ்டாரோடு.

இதைக் கவனிக்கத்தான் 'பிராண்ட் ரெப்யூடேஷன் மானிட்டரிங்' என்று தனியாகப் பணம் வாங்கினார்கள். ரிப்போர்ட்டில் 82 சதவீதம் பாசிட்டிவ் என்று ஒரு பெரிய வட்டம். கடைப் பெயர் இணையத்தில் எங்கே வந்தாலும் தகவல் சொல்லும் அலர்ட்டுகளும் வராமல் இல்லை. எங்கோ காணாமல் போன ஒரு நாய்க்குட்டிக்கு எங்கள் கடைப் பெயராம். அதற்கு மூன்று அலர்ட் வந்தது. கிடைத்துவிட்டது என்று நான்காவது. எனக்கும் நிம்மதிதான். ஆனால் அந்த ஒற்றை ஸ்டாருக்கு ஒரு அலர்ட் கூட வரவில்லை. ஏன்? வாடிக்கையாளர் கடைப் பெயரைத் தமிழில் எழுதியிருந்தார். ககர ஒற்று விட்டுப்போய், கடைசியில் ஒரு துணைக்கால் கூடுதலாக. கருவிக்கு ஆங்கில எழுத்துகளில் சுத்தமாக எழுதினால்தான் அது என் கடை. தமிழ் பேசுகிறவர்களுக்கு விற்கிற கடையைக் கண்காணிக்கத் தமிழ் தெரியாத கருவி!

புகார் என்ன? வாங்கிய மூன்றாவது வாரம் ஜிப் பிய்ந்துவிட்டது. மூன்று மெயில் போட்டிருக்கிறார், பதில் இல்லை. "ஜிப் போனது கூடப் பரவாயில்லை, ஆள் இருக்கிறார்களா என்றே தெரியவில்லை" என்று முடித்திருந்தார். தேடிப் பார்த்தால் மூன்றும் இருக்கின்றன, தளத்தைப் புதுப்பித்தபோது நாங்கள் கைவிட்ட பழைய மெயில்பெட்டியில். ஆர்டர் உறுதிச் செய்தியில் மட்டும் அந்தப் பழைய முகவரியை மாற்ற மறந்திருக்கிறோம். கூடவே வேறு பதினேழு பேரின் மெயிலும் கிடந்தது. வயிற்றைப் பிசைந்தது.

ஏஜென்சியிடம் காட்டினேன். "கவலையே வேணாம் மேடம், இருபது பாசிட்டிவ் ரிவ்யூ போட்டு இதைக் கீழ தள்ளிடலாம். நம்ம டீம்லயே எழுதுவாங்க." தம்பி, அவருக்கு ஜிப் பிய்ந்திருக்கிறது! இருபது பொய் எழுதினால் ஜிப் ஒட்டிக்கொள்ளுமா? பொய் ரிவ்யூவை விற்பதும் வாங்குவதும் அமெரிக்காவில் 2024-லிருந்து அபராதத்துக்கு உரிய விதிமீறல். இங்கே ஒரு மீட்டிங்கில் மாதாந்திரத் திட்டமாகச் சொல்கிறார்கள். அதோடு விட்டார்களா, கேட்காமலேயே என் முகப்புப் பக்க நிரலில் 4.9 ஸ்டார் என்று ஒரு மதிப்பீட்டைச் செருகி வைத்திருந்தார்கள். யார் கொடுத்த ஸ்டார்? வானத்திலிருந்து விழுந்ததா? ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே போட்டுக்கொள்ளும் ஸ்டாரை கூகுள் 2019 செப்டம்பரிலிருந்து தேடலில் காட்டுவதே இல்லை. பொய்யும் சொல்லி, அதுவும் பலிக்காத பொய்.

அன்றைக்கே ஒப்பந்தத்தை முடித்தேன். அந்தப் பதினெட்டுப் பேருக்கும் நானே ஃபோன் செய்தேன். ஏழு பேர் எடுக்கவே இல்லை. இரண்டு பேர் நன்றாகத் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். ஜிப்காரருக்குப் புதுப் பை போனது. ரிவ்யூவை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஒன்றை இரண்டு ஸ்டார் ஆக்கி, "தாமதமாக அழைத்தார்கள், பை மாற்றித் தந்தார்கள்" என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார். கடைப் பெயரில் அந்தத் துணைக்கால் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்த எழுத்துப் பிழையோடு சேர்த்து நான்கு விதமாக எழுதி, இலவச கூகுள் அலர்ட்டில் போட்டு வைத்திருக்கிறேன். அதில் எல்லாமே சிக்காது, தெரியும். அதனால் திங்கள்கிழமை காலையில் நானே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுகிறேன்.

காலையில் வந்த மெயிலுக்கும் பதில் போட்டேன்: "அந்த 47-ல் ஒரே ஒரு பிழையை, பக்கத்தின் முகவரியோடு சொல்லுங்கள்." பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. "நன்றி சார், கோல்டு பேக்கேஜ் விவரம் இணைத்துள்ளேன்."