ஆதாரைக் காட்டிப் பூடானுக்குள் நுழைய முடியாது

"ஆதார் அட்டை போதும், ஜெய்காவ் வழியாகப் பூடானுக்கு நடந்தே போகலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நடந்து போகலாம் என்பது சரி. ஆதார் போதும் என்பது தவறு.

மேற்கு வங்கத்தின் ஜெய்காவுக்கும் பூடானின் புன்ட்ஷோலிங்குக்கும் நடுவே, டிராகன் உருவங்கள் கொண்ட ஒரு வண்ண வாயில்தான் எல்லை. இந்தப் பக்கம் ஆட்டோக்களின் ஹாரன் சத்தம். அந்தப் பக்கம் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விசா தேவையில்லை என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது போலும். ஆனால் ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல. இந்தியர்களிடம் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கேட்கிறார்கள். பெரியவர்களுடன் வரும், 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏற்கப்படும்.

"கட்டணமே இல்லை" என்ற வரியும் பிழை. திம்பு, பாரோ என உள்ளே போகும் இந்தியப் பயணிகளுக்கு 2022 செப்டம்பர் முதல் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் வளர்ச்சிக் கட்டணம் உண்டு.

விதிகளைப் பூடான் சுற்றுலாத் துறையின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.